அப்பாவின் தொழில்: ஒரு கோடு

போன வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, ஒரு பெண்கள் காலேஜின் பிரின்ஸிபால் என் மகள் சரளாவிடம் ஒரு கேள்வி கேட்டார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி.

"உங்க அப்பா என்ன வேலை பார்க்கிறார்?"

சரளா வாயைத் திறக்கவில்லை.

சரி, பெண் பயந்துவிட்டது, தாயாவது சொல்லட்டும் என்று அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். நான் யார்? வாரம் தவறாமல் இந்தப் பக்கத்தில் உங்களோடு வாயடிப்பவள். கத்தரிக்காய் கூட்டுக்கு உப்பு போட மறந்ததைக்கூட ஒரு பக்கத்துக்கு எழுதியவள். அப்பேர்ப்பட்ட நானும்... வாயைத் திறக்கவில்லை.

ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் வேலை பார்ப்பது ஆவடியில் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில். அங்கே என்ன செய்கிறார்கள்? இரும்பு, மிகப் பெரியது, போருக்குப் போவது. இவ்வளவுதான் எழுதலாம். இதற்கு மேல் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். அச்சுக்கு அனுப்பும் முன் படித்துப் பார்த்த என் வீட்டுக்காரர் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

வேலையில் சேர்ந்த அன்று அவரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்களாம். உள்ளே நடப்பதை வெளியே பேசக்கூடாது என்று. எல்லோரிடமும்தான் வாங்குகிறார்கள். ஆனால் இவர் அந்தக் கையெழுத்தை மனைவி, மகள் இரண்டு பேருக்கும் சேர்த்தே போட்டுவிட்டு வந்தவர் மாதிரி நடந்துகொள்வார். "இன்னிக்கு வேலை எப்படி?" என்று கேட்டால் "இருந்துச்சு" என்பார். பத்து வருஷமாக இதே பதில்தான்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பூந்தமல்லியிலிருந்து வரும் பஸ்ஸில் கண்டக்டர் அந்த இடம் வந்ததும், உள்ளே என்ன செய்கிறார்களோ அதன் பேரைச் சொல்லித்தான், "எறங்கு, எறங்கு" என்று தொண்டை கிழியக் கத்துவார். மாங்காட்டுக்குப் போய்த் திரும்புகிற கிழவிகள்கூட அதைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊர் அறிந்த ரகசியம். ஆனால் நாங்கள் மட்டும் சொல்ல மாட்டோம்! எங்கள் குவார்ட்டர்ஸில் எந்தக் குழந்தையை நிறுத்தி "அப்பா எங்கே வேலை?" என்று கேட்டாலும், "கவர்ன்மென்ட்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்விடும். அப்படியே வளர்த்துவிட்டோம்.

இனி காலேஜ் கதைக்கு வருகிறேன்.

சரளா பி.யூ.சி. பாஸ் செய்ததும், "என்ன படிக்கப் போறே?" என்று கேட்டோம். "பாலிடிக்ஸ்" என்றாள். அவள் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

அவருக்குத் தெரிந்த பாலிடிக்ஸ் என்றால் கொடி, மேடை, மைக், ஊர்வலம். அரசாங்க ஊழியர் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கக்கூடாது என்று விதி இருக்கிறதே! சரளா உட்காரவைத்து விளக்கினாள். ஓர் அரசாங்கம் எப்படித் திட்டம் போடுகிறது, அதை யார் நடத்துகிறார்கள், ஒரு நாடு இன்னொரு நாட்டோடு எப்படிப் பேசுகிறது, ஒப்பந்தம் எப்படி எழுதுகிறது — இதுதான் பாடம் என்றாள். அவர் தலையை ஆட்டினார். ஆனாலும் மறுநாள் தன் மேலதிகாரிக்கு முறைப்படி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். "என் மகள் பி.ஏ. பாலிடிக்ஸ் படிக்கலாமா? அனுமதி தேவையா?" என்று.

அதிகாரி அவரைக் கூப்பிட்டு, "படிக்கறதுக்கு எதுக்குய்யா பர்மிஷன்?" என்று கேட்டு அனுப்பினாராம். அனுமதி எழுத்தில் வரவில்லையே என்று இவருக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை. இவர் அப்படிப்பட்ட மனிதர்.

அடுத்த கேள்வி, எந்தக் காலேஜ்?

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் காலேஜ் பார்ப்பதும் மாப்பிள்ளை பார்ப்பதும் ஒன்றுதான். பேர் இருக்கிறதா, போக வர வசதியா, காம்பவுண்டுச் சுவர் எவ்வளவு உயரம்... இவ்வளவுதான் கேட்போம். உள்ளே என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று யாராவது கேட்டிருக்கிறோமா? நானும் கேட்டதில்லை.

பக்கத்திலேயே இருந்த காலேஜில் இந்தப் பாடமே கிடையாது. சென்ட்ரலில் இறங்கி நடந்தே போகக்கூடிய தூரத்தில் இன்னொன்று. பெரிய பேர், பெரிய கட்டடம், பெரிய சுவர். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மூன்றாவது, சென்ட்ரலில் இறங்கி, பஸ் பிடித்து, அதன் பிறகும் நடக்க வேண்டும். பேரைச் சொன்னால் "அது எங்கே இருக்கு?" என்று கேட்பார்கள்.

என் வீட்டுக்காரரோடு வேலை பார்க்கும் எத்திராஜ் எங்களுக்கு உறவு மாதிரி. அண்ணனூர்க்காரர். அவருடைய அப்பா அந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்தவர். தொழிற்சாலைச் சங்குச் சத்தம் கேட்டு வேலைக்குப் போன முதல் ஆள் அந்தக் குடும்பத்தில் இவர்தான். எங்கள் வீட்டில் எந்த முடிவும் அவரைக் கேட்காமல் நடக்காது.

"பேர் கீற காலேஜ்லயே சேத்துடு அண்ணி" என்றார். "நாளைக்கி யாரனா கேட்டா, பேரைச் சொன்னா போதும். வாய மூடிகினு பூடுவான். அந்த இன்னொண்ணு இன்னாத்துக்கு? போறதுக்குள்ள பொழுது பூடும்."

நானும் அதைத்தான் சொன்னேன். சரளா கேட்கவில்லை. இரண்டு காலேஜுக்கும் தானே போய் விண்ணப்பத் தாள் வாங்கிவந்தாள். பாடத்திட்டத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தாள். "அந்த மூணாவது காலேஜ்ல மூணாவது வருஷம் முழுக்க ஒரு பேப்பர் இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ்தான்மா. பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷனும் தனியா இருக்கு. பெரிய காலேஜ்ல ரெண்டையும் ஹிஸ்டரியோட ஒரு ஓரமா ஒட்டி வெச்சிருக்காங்க" என்றாள்.

"ஓரமாக இருந்தாலும் பெரிய காலேஜ் ஆயிற்றே!" இது என் கட்சி.

பெரிய காலேஜில் இடம் கிடைத்தது. பணம் கட்டக் கடைசித் தேதி போன செவ்வாய்க்கிழமை. சரளா கட்ட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, கத்தவில்லை, "எனக்கு வேணாம்மா" என்ற இரண்டு சொல்லைத் தவிர வேறு பேச்சு இல்லை. அப்பாவின் ரத்தம் அல்லவா! செவ்வாய்க்கிழமை போயே போய்விட்டது.

இப்போது நிலைமை உங்களுக்குப் புரியும். வியாழக்கிழமை இந்த மூன்றாவது காலேஜ் கைவிட்டால், ஒரு வருஷம் வீண். அந்த ஒரு வருஷத்துக்காகத் தருமபுரியில் என் நாத்தனார் காத்துக்கொண்டிருக்கிறார். கையில் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, பின்னால் அவருடைய பிள்ளை. "காலேஜ்தான் இல்லைன்னு ஆச்சே, பொண்ணு சும்மா எதுக்கு இருக்கணும்?" என்ற வசனத்தை அவர் மனப்பாடம் செய்து வைத்திருப்பார். அதற்குப் பதில் சொல்ல என் வீட்டுக்காரருக்கு வராது. எனக்கு வரும், ஆனால் எடுபடாது.

வீட்டுக்காரருக்கு அந்த வாரம் லீவு இல்லை. ஏன் இல்லை என்று சொல்லவில்லை. நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, தூங்காமல், சட்டை மட்டும் மாற்றிக்கொண்டு எத்திராஜ் எங்களுக்குத் துணை வந்தார்.

பிரின்ஸிபால் அறையில் நானும் சரளாவும். எத்திராஜ் வெளியே பெஞ்சில். அந்த அம்மாள் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மாதம் முன்புதான் வந்தவராம். தங்க ஃப்ரேம் கண்ணாடி, இஸ்திரி கலையாத காட்டன் புடவை. விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

'தகப்பனாரின் தொழில்' என்று ஒரு கட்டம். அதில் என் வீட்டுக்காரர் 'மத்திய அரசு ஊழியர்' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே 'பணியின் விவரம்' என்று இன்னொரு கட்டம். அதில் ஒரு கோடு. ஸ்கேல் வைத்துப் போட்ட, அழகான, நேரான கோடு.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. நானும் பேசாததைப் பார்த்து சரளாவே, "சென்ட்ரல் கவர்ன்மென்ட், மேடம்" என்றாள்.

"அது எழுதியிருக்கே. எந்த இடத்தில்?"

"ஆவடி, மேடம்."

"ஆவடியில எங்கே?"

"ஃபேக்டரி, மேடம்."

"என்ன ஃபேக்டரி? அங்கே அவருக்கு என்ன வேலை?"

சரளா தலையைக் குனிந்துகொண்டாள். "அதைச் சொல்லக்கூடாது, மேடம்."

அந்த அம்மாளுக்கு முகம் மாறியது. மாறாதா? கேள்வி கேட்கிற இடத்தில் இருப்பவருக்கு, 'தெரியாது' என்ற பதிலைப் பொறுத்துக்கொள்ள முடியும்; 'சொல்ல மாட்டேன்' என்றால் பொறுக்குமா? சொல்லித்தொலைத்தால்தான் என்ன, என்று எனக்குத் தோன்றிவிட்டது. பஸ் கண்டக்டர் கத்துவதைத்தானே நான் மெதுவாகச் சொல்லப்போகிறேன்? வாயைத் திறக்கப் போனேன். மேஜைக்கு அடியில் சரளாவின் கால் என் காலை அழுத்தியது. நன்றாகவே அழுத்தியது.

கோபம் வந்தது எனக்கு. ஒளிக்காமல் சொல்கிறேன், பெருமையாகவும் இருந்தது.

"பூர்த்தி செய்யாத விண்ணப்பத்தை நான் ஏற்க முடியாது" என்றார் பிரின்ஸிபால். "நாலு மணிக்கு லிஸ்ட் ஒட்டப் போறோம். அதுக்குள்ள அப்பாவைக் கூட்டிட்டு வாங்க. அவர் எழுதிக் கொடுக்கட்டும்."

நாலு மணிக்குள்ளா? ஆவடிக்குப் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. அவர் கேட்டுக்கு உள்ளே இருக்கிறார். சாயங்காலச் சங்கு ஊதாமல் அந்தக் கேட் யாருக்காகவும் திறக்காது. அப்படியே திறந்து, அவரைக் கொண்டுவந்து இதே நாற்காலியில் உட்கார வைத்தாலும்... அவர் மட்டும் என்ன எழுதிவிடப் போகிறார்? இன்னொரு கோடு போடுவார்!

வெளியே வந்தோம். சரளாவின் கண் கலங்கியிருந்தது. "நான் பெரிய காலேஜுக்கே போயிருக்கணுமாம்மா?" என்று கேட்டாள். இத்தனை நாளில் அவள் தடுமாறி நான் பார்த்தது அப்போதுதான்.

விஷயத்தைக் கேட்ட எத்திராஜ், "அட, இன்னா அண்ணி இது? நான் பேசிக்கிறேன்" என்று செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். பின்னாலேயே நாங்களும் ஓடினோம்.

"கும்பிடறேம்மா. நான் இந்தப் புள்ளையோட அப்பாகூட ஒண்ணா வேலை செய்றவன். பத்து வருசமா பாத்துகினு கீறேன். தங்கமான மனுசன்."

பிரின்ஸிபால் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்லது. அப்போ நீங்க சொல்லுங்க. அவர் அங்கே என்ன செய்கிறார்?"

எத்திராஜ் என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார்.

"ஷிப்டு வேலைம்மா."

"என்ன ஷிப்ட் வேலை?"

"காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, நைட்டு ஒண்ணும்மா."

"அய்யா, அந்த ஃபேக்டரியில என்னதான் செய்யறீங்க?"

எத்திராஜ் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். "அத்த மட்டும் கேக்காதீங்கம்மா. பெத்தவரே கோடு போட்டுட்டாரு. அத்த நான் எப்பிடிம்மா அயிக்கிறது?"

அவ்வளவுதான், முடிந்தது கதை என்று நினைத்தேன். தருமபுரித் தட்டு என் கண் முன்னால் வந்து நின்றது.

பிரின்ஸிபால் மேஜைமேல் இருந்த மணியைத் தட்டினார். ஹெட் கிளார்க் வந்தார். காதில் பென்சில், தோளில் துண்டு, ரிட்டயர் ஆகப் போகிற வயசு. "இந்த மாதிரி ஒரு விண்ணப்பத்தை ஏற்க விதி இருக்கா, பாருங்க" என்று அந்த அம்மாள் தாளை நீட்டினார்.

அவர் வாங்கிப் பார்த்தார். முதல் பக்கத்தில் முகவரி, அடுத்ததில் கோடு. சிரித்துவிட்டார்.

"மேடம், இது ஆவடி ஃபாரம்."

"ஆவடி ஃபாரம்னா?"

"நீங்க புதுசு, உங்களுக்குத் தெரியாது. இதோ வர்றேன்."

போனவர் ஒரு கட்டோடு திரும்பினார். பழைய விண்ணப்பங்கள். கெமிஸ்ட்ரி, மேத்ஸ், காமர்ஸ் என்று வெவ்வேறு வருஷத்துப் பெண்கள். ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பினார். எல்லாம் ஆவடி முகவரி. எல்லாவற்றிலும் 'மத்திய அரசு ஊழியர்' என்று எழுதி, அடுத்த கட்டத்தில் ஒரு கோடு! சிலது ஸ்கேல் வைத்தது, சிலது கையால் இழுத்தது, ஒன்றில் மட்டும் அவசரத்தில் கொஞ்சம் வளைந்திருந்தது. ஒவ்வொரு கோட்டுக்கு மேலேயும் பொடி எழுத்தில் பென்சிலால் அந்தத் தொழிற்சாலையின் பேர்.

"பேரை யார் எழுதினது?" என்றார் பிரின்ஸிபால்.

"நான்தான் மேடம். அவங்க சொல்ல மாட்டாங்க, நாமதான் எழுதிக்கணும். பென்சில்ல எழுதினா யாரும் சொன்னதாவும் ஆகாது, கட்டம் காலியாவும் இருக்காது. வருஷா வருஷம் நடக்கறதுதான். முந்தி இருந்த அம்மாவும் கேட்டாங்க. இதே மாதிரிதான் யாரும் சொல்லலே."

சொல்லிக்கொண்டே காதிலிருந்த பென்சிலை எடுத்து, என் வீட்டுக்காரர் போட்ட கோட்டுக்கு மேல் எழுதிவிட்டார். எங்களைக் கேட்கவே இல்லை. நாங்களும் பார்க்கவில்லை, எத்திராஜ் மறுபடியும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சரளாவிடம் கேட்டார்:

"சரி, அப்பா விஷயம் விடு. உன் மார்க்குக்குப் பெரிய காலேஜ்லயே இடம் கிடைச்சிருக்குமே. அதை விட்டுட்டு இவ்வளவு தூரம் ஏன்? இதையாவது சொல்லலாமா?"

சரளாவுக்கு உயிர் வந்துவிட்டது. "சொல்லலாம் மேடம். அங்க விண்ணப்பத் தாள் வாங்கப் போனப்போ டிபார்ட்மெண்ட் வராண்டாவுல உலகப் படம் மாட்டியிருந்தாங்க. அதுல இன்னும் கிழக்குப் பாகிஸ்தான்தான் இருக்கு. இங்கேயும் அதே பழைய படம்தான். ஆனா யாரோ ஒரு சின்னக் காகிதத்தை ஒட்டி, இங்க்ல பங்களாதேஷ்னு எழுதியிருக்காங்க."

"அதனால?"

"நாடு மாறினதைக் கவனிச்சவங்க இங்கதான் இருக்காங்க மேடம்."

பிரின்ஸிபால் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். "ஆவடியிலிருந்து பாலிடிக்ஸ் படிக்க வர்ற முதல் பெண் நீதான் போலிருக்கு" என்றார். ஹெட் கிளார்க், "ஆமா மேடம், எனக்குத் தெரிஞ்சு முதல்" என்று சாட்சி சொன்னார்.

போன உயிர் திரும்பி வந்தது என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்! அன்றைக்குத்தான் அதற்கு அர்த்தம் தெரிந்தது. வராண்டாவுக்கு வந்ததும் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். எதிர்ச் சுவரில் அந்த உலகப் படம். பங்களாதேஷ் என்று ஒட்டிய காகிதத்தின் ஒரு முனை பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. சரளா எச்சில் தொட்டு அதை அழுத்தி ஒட்டினாள். சேர்ந்து முழுசாகப் பத்து நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் பொறுப்பு! எத்திராஜ் செருப்பைத் தேடிக்கொண்டே, "தலைக்கி வந்தது தலப்பாவோட போச்சு அண்ணி. வா, டீ சாப்ட்லாம்" என்றார். ரயிலில் ஏறியவுடன் தூங்கியவரை ஆவடியில் உலுக்கித்தான் எழுப்பினோம். அவருக்கு அண்ணனூர். அது முந்தின ஸ்டேஷன்!

நானும் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். பெற்றவர்கள் நாம் காலேஜின் சுவரைப் பார்க்கிறோம். பிள்ளைகள் சுவரில் என்ன மாட்டியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். அடுத்த முறை யாராவது காலேஜ் பற்றி என்னிடம் யோசனை கேட்டால், பேசாமல் பிள்ளையிடம் கேட்கச் சொல்லப் போகிறேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே "என்ன ஆச்சு?" என்றார். கிடைத்துவிட்டது என்றதும் சைக்கிள் பாரிலேயே சாய்ந்து நின்றுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். இந்த மனிதர் இத்தனை பயந்திருக்கிறார், காலையில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்கு மனசு கலங்கியது.

"ஃபாரத்தைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?"

"கேட்டாங்கப்பா. சொல்லலே" என்றாள் சரளா.

தலையை ஆட்டினார். முகம் கழுவிவிட்டு வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"அந்த மூணாவது வருஷப் பேப்பர்னியே... அதுல என்னதான் சொல்லிக் குடுப்பாங்க?"

சரளா யோசித்தாள். "ரெண்டு நாடு சண்டை போடாம, பேசித் தீர்த்துக்கிறது எப்படின்னுப்பா."

அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத கிரீஸ் கறை அந்த ரேகைகளில் இருக்கும்.

"நல்லாப் படி" என்றார். "நீங்க எல்லாம் ஒழுங்காப் படிச்சா எங்களுக்கு ஓவர்டைம் இருக்காது. இல்லாமப் போனாப் போகட்டும்."

அவளுடைய மூன்று வருஷத்து ஃபீஸையும் அந்த ஓவர்டைமை நம்பித்தான் நான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன் என்பதை, காபியைக் கையில் கொடுத்துவிட்டு, வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.